இல்லாதவரைப் பற்றிய பேச்சு

வார இறுதி நாட்களில் வானொலியைத் திறந்தால் பேச்சு நிகழ்ச்சி ஒன்று காதில் விழாமல் இராது. எந்த அலைவரிசையானாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் நாட்டு நடப்பு. ஓர் அறிவிப்பாளர், கலையகத்துக்கு அழைக்கப்பட்ட இரண்டு விருந்தினர்கள், அன்றைய பத்திரிகைத் தலைப்புகள். அது முடிய ஒரு பாடல். அடுத்து வாழ்வியல்: பிள்ளை வளர்ப்பு, நீரிழிவு, கல்யாணச் செலவு. கடைசியில் பண்பாடு: ஒரு நூல் வெளியீடு, ஒரு நாடகம், மறைந்து வரும் ஒரு வழக்கம். இடையிடையே நேயர்களின் தொலைபேசி அழைப்புகள். சனி, ஞாயிறு காலைகளில் அடுப்படியிலும் சலூனிலும் முச்சக்கர வண்டியிலும் காதைக் கொடுத்திருக்கும் மக்களுக்கு, நாடு என்பது பல வேளைகளில் இந்த இரண்டு மணித்தியாலந்தான்.

இத்தகைய நிகழ்ச்சிகளை விரும்பிக் கேட்பவன் நான். அவற்றைக் குறை கூறுவதற்கென்று இக்கட்டுரையை எழுதவில்லை. ஆயினும் நெடுநாளாக ஒரு கேள்வி மனதில் கிடக்கிறது. அங்கே பேசப்படுவோரில் மிகப் பெரும்பாலானோர் அங்கே இருப்பதில்லை. தோட்டத் தொழிலாளியின் சம்பளம் பேசப்படும், தொழிலாளி இல்லை. மத்திய கிழக்குக்குப் போன பெண்ணின் குடும்பம் பேசப்படும்; அந்தப் பெண் இல்லை. அகதி, கைதி, காணாமற்போனவர், மீள்குடியேற வந்தவர் என்று எல்லோரும் பேசுபொருளாகிறார்கள், பேசுபவராவது அரிது. தொலைக்காட்சியிலாவது ஒருவர் வராவிட்டால் வெறுமையாகக் கிடக்கும் கதிரை கண்ணில் படும். வானொலியில் அந்தக் கதிரையும் தெரியாது. கேட்கிற குரல்களே முழு உலகமும் என்று காது நம்பிவிடுகிறது.

அப்படியானால், இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குள்ள உரிமை என்ன? அதன் எல்லை எது? வன்னியில் பிறந்த ஒரு முஸ்லிமுக்கு இது ஓய்வுநேரச் சிந்தனையாக இருக்க முடியாது. அந்த மண்ணில் ஒரு தடவை நாங்கள் இல்லாதவர்களானோம். இன்னொரு தடவை எங்கள் அயலவர்கள் இல்லாதவர்களானார்கள். இரண்டு தடவையும் வானொலி பேசிக்கொண்டுதான் இருந்தது.

*

வன்னியில் வானொலி கேட்பது ஒரு காலத்தில் உடலுழைப்பாக இருந்தது. 1990இல் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பிறகு அங்கே மின்சாரம் இல்லாமற் போனது. வடக்குக்குக் கொண்டு செல்லக் கூடாதென்று அரசு தடைசெய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. இருந்த பற்றரியை வெயிலில் காயவைத்தார்கள். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். அதுவும் செத்த பிறகு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் றேடியோவைப் பேச வைத்தார்கள். முள்ளியவளையில் இருக்கும் என் பழைய நண்பர் ஒருவர் இதை இன்றும் விபரித்துச் சொல்வார். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் சூழ இருந்து பீபீசி தமிழோசை கேட்பார்களாம். சுற்றுபவரின் கை தளர்ந்தால் லண்டனிலிருந்து வரும் குரலும் தளர்ந்துவிடும். “சுத்து தம்பி, சுத்து” என்று கூட்டம் முழுக்கக் கத்துமாம். 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்ட அந்தத் தமிழோசைக்கு, இவ்வளவு வியர்வை சிந்திக் கேட்ட நேயர்கள் வேறெங்கும் இருந்திருப்பார்களா என்று நான் நினைப்பதுண்டு.

ஆனால் அந்தப் பத்துப்பேருக்கும் கேட்கத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. தங்களைப் பற்றி லண்டன் சொன்னதையும் கொழும்பு சொன்னதையும் திருச்சி சொன்னதையும் கேட்டார்கள். 1990இன் இறுதியிலிருந்து புலிகளின் குரல் சொன்னதையும் கேட்டார்கள். அந்தக் குரலுக்கும் மறுப்புச் சொல்லும் வசதி நேயருக்கு இருக்கவில்லை.

அதே காலத்தில் நாங்கள் வேறொரு இடத்தில் அதே நிலையில் இருந்தோம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எல்லா இடங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, கிஜ்ராபுரம், முல்லைத்தீவு நகரம் ஆகிய இடங்களில் தலைமுறைகளாக இருந்தவர்கள் ஊரை விட்டு நடந்தோம். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி காலை, மைதானத்தில் வந்து கூடுமாறு ஒலிபெருக்கி அறிவித்தது. கூடியவர்களுக்கு இரண்டு மணித்தியாலங்கள் தரப்பட்டன. ஒலிபெருக்கியும் வானொலியும் ஒரு வகையில் ஒன்றுக்கொன்று சொந்தம். இரண்டுக்கும் வாய் உண்டு, காது கிடையாது. “ஏன்?” என்று கேட்டவருக்கு ஒலிபெருக்கி பதில் சொல்லவில்லை.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தபடி நாங்களும் வானொலி கேட்டோம். வடக்கைப் பற்றிய செய்திகளில் நாங்கள் விட்டு வந்த வீதிகளின் பெயர்கள் வரும். எங்கள் பெயர் வராது. அக்காலத்தில் எங்களை ஊரோடு தொடுத்து வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டென்றால், அது இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்தான். முல்லைத்தீவைப் பிறப்பிடமாகக் கொண்ட இன்னார், இன்னாரின் கணவர், இன்னாரின் தந்தை என்று வரும்போது உம்மா கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவார். எங்கள் வேலிக்கு அடுத்த பக்கத்து மனிதர்களின் மௌத்தை அப்படித்தான் அறிந்தோம். பிறந்த ஊர், உறவினர், அடக்கம் செய்யும் நேரம் ஆகியவற்றைச் சொல்லி அந்த அறிவித்தல் முடிந்துவிடும். இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்று அறிவிப்பாளர் சொல்வதில்லை. இல்லாதவரைப் பற்றிப் பேசும் ஒழுக்கத்தை அந்தச் சில விநாடிகளில் நான் கேட்டேன் என்றே இப்போது தோன்றுகிறது.

*

நான் எழுப்பிய கேள்விக்கு நமது மார்க்க மரபில் ஒரு பெயர் உண்டு: கீபத். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் விரும்பாததை அவரைப் பற்றிச் சொல்வது. சொன்னது பொய்யாக இருந்தால் அது அவதூறு, வேறு குற்றம். உண்மையாக இருக்கும்போதுதான் அது கீபத் ஆகிறது. இந்த நுட்பத்தை நாம் சிறுவயதில் பாடமாகப் படித்து, பெரியவர்களானதும் மறந்துவிடுகிறோம். ஊடகத்துறையில் ஒருவர் மீது குற்றம் சாட்டினால், “உண்மையைத்தானே சொன்னேன்” என்பார். அந்தப் பதில் அவதூறுக்குப் போதும். கீபத்துக்குப் போதாது. பேசும் உரிமையை உண்மை மட்டும் வழங்கிவிடுவதில்லை. அதைக் கேட்டுப் பதில் சொல்ல உரியவர் இருக்கிறாரா என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

சூறா ஹுஜுராத் இதை இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடுகிறது. உவமையின் கூர்மை எங்கே இருக்கிறதென்றால், இறந்தவர் தன் உடலைத் தற்காத்துக்கொள்ள முடியாதவர் என்பதில். இல்லாதவரும் அப்படியே. அதற்கு முந்திய வசனம் தனிமனிதர்களை மட்டுமன்றி, ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரை இழிவாகப் பேசுவதையும் தடுக்கிறது. அதே சூறா, நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியாமல் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. செய்தி, பேச்சு, கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே சூறாவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது தற்செயல் அல்ல.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் நாவின் கேடுகளுக்கென்றே ஒரு தனிப் பாகம் ஒதுக்கியிருக்கிறார். அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, பக்தியின் பேரிலும் இரக்கத்தின் பேரிலும் செய்யப்படும் கீபத் பற்றி அவர் சொல்வது. ஒருவரின் நிலையை எண்ணிப் பெருமூச்சு விட்டு, அவருக்காகத் துஆவும் செய்து, அந்த வழியிலேயே அவரது குறையைச் சபையில் வைத்துவிடுவது. வார இறுதி வானொலியில் அகதி பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. “பாவம் அந்தச் சனங்கள்” என்று தொடங்கும் வாக்கியம், அந்தச் சனங்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், நிவாரணத்துக்குப் பழகிவிட்டார்கள் என்று முடியும். கேட்பவரும் அதில் பங்காளி என்பதையும் கஸ்ஸாலி விட்டுவைக்கவில்லை.

ஆனால் மார்க்கம் வாயை முற்றாக அடைக்கவுமில்லை. இமாம் நவவி ஆறு சந்தர்ப்பங்களை விதிவிலக்காகக் கூறுகிறார். அவற்றில் முதலாவது அநீதி இழைக்கப்பட்டவரின் முறைப்பாடு. சூறா நிஸாவும் தீய சொல்லைப் பகிரங்கமாகச் சொல்வதை வெறுத்துரைக்கும் இடத்தில், அநியாயம் செய்யப்பட்டவரை அந்தத் தடையிலிருந்து விலக்குகிறது. ஹிந்த் அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் கணவர் அபூ சுப்யான் செலவுக்குப் போதிய பணம் தருவதில்லை என்று முறையிட்டபோது, அபூ சுப்யான் அங்கே இல்லை. ஆயினும் அவரது வாய் மூடப்படவில்லை. தனக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கப்படி போதுமானதை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது.

இந்தச் சம்பவத்தை முன்வைத்தே சட்ட அறிஞர்களிடையே இன்னொரு வாதமும் நடந்தது. சமுகமளிக்காத ஒருவருக்கு எதிராகக் காழி தீர்ப்பளிக்கலாமா? ஹனபி மத்ஹபினர் பொதுவாக அதை ஏற்பதில்லை. வழக்காளிகளில் இரண்டாமவரைக் கேட்கும் வரை முதலாமவருக்குச் சார்பாக முடிவெடுக்க வேண்டாம் என்று அலீ (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அவர்களுடைய பலம். நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஆனால் ஆதாரம் வேண்டும், வாதியின் சத்தியம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லாதவர் திரும்பி வந்தால் தன் வாதத்தை முன்வைக்கும் உரிமை அவருக்குக் குறையாமல் இருக்கும். தீர்ப்புச் சொல்லப்பட்டாலும் கதவு பூட்டப்படுவதில்லை.

வானொலிப் பேச்சுக்கும் இதுதான் உரைகல் என்பது என் கருத்து. இல்லாதவரைப் பற்றிப் பேசவே கூடாதென்றால் அநியாயம் எதுவும் வெளிவராது. ஒலிபெருக்கி பிடித்தவர்களே வெல்வார்கள். தாராளமாகப் பேசலாமென்றால் இல்லாதவரை உயிரோடு அடக்கம் செய்துவிடுவோம். அநீதிக்குள்ளானவருக்கு முதலிடம் கொடுத்து, மற்றவருக்குக் கதவைத் திறந்து வைப்பதே இவற்றுக்கு இடைப்பட்ட வழி. சொல்ல இலகுவானது. வன்னியின் அனுபவத்தில் அது எவ்வளவு கடினமானது என்று பார்ப்போம்.

*

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் பிரபாகரன் ஊடகவியலாளர்களைச் சந்தித்தார். மூன்று நாட்களின் பின் ரவூப் ஹக்கீமுடன் உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. வடபுல முஸ்லிம்கள் ஊர் திரும்புவது பற்றியும் அதில் இருந்தது. ஆனால் செப்டெம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது முஸ்லிம்கள் தனித் தரப்பாக இருக்கவில்லை. ஹக்கீம் அரச தூதுக்குழுவில் ஒருவராகவே அமர்ந்தார். 2003இல் புலிகளின் குரல் அரசின் அனுமதியோடு கிளிநொச்சியிலிருந்து பண்பலையில் ஒலித்தது. கொழும்பு வானொலிகளோ வாரந்தோறும் சமாதானத்தைப் பேசின.

அந்நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலாவியில் உள்ள கொமியூனிகேஷன் கடை ஒன்றிலிருந்து அப்படியான ஒரு நிகழ்ச்சிக்கு அழைப்பு எடுத்தேன். “வடக்கு மக்களின் எதிர்பார்ப்பு” என்பது அன்றைய தலைப்பு. நீண்ட நேரம் காத்திருந்து இணைப்புக் கிடைத்தது. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். புத்தளத்திலிருந்து என்றேன். “ஐயா, இன்றைக்குத் தலைப்பு வடக்கு. புத்தளம் பற்றி இன்னொரு நாளைக்குச் செய்வோம், அப்போது கட்டாயம் எடுங்கோ” என்று மிக மரியாதையாகச் சொல்லித் துண்டித்தார்கள். அந்தக் குரலில் வெறுப்பு ஒரு துளியும் இல்லை என்பதுதான் விடயம். வெளியேற்றியவர்கள் எங்களை ஊரிலிருந்து அகற்றினார்கள். பன்னிரண்டு வருடங்கள் கழித்து, கனிவான ஒரு குரல் எங்களை அந்தத் தலைப்பிலிருந்தே அகற்றியது. இல்லாதவராக்கப்பட்டவர், இல்லாதவராக இருக்கும் காரணத்தினாலேயே பேசத் தகுதியற்றவராகிறார். அநீதி தன்னைத்தானே தொடரச் செய்யும் விதம் இது.

பிறகு காலம் திரும்பியது. 2007 நவம்பர் 27ஆம் திகதி, மாவீரர் தினத்தன்று, கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையம் விமானக் குண்டுவீச்சில் அழிக்கப்பட்டது. நிலைய ஊழியர்களும் அப்பகுதியில் இருந்த பொதுமக்களும் கொல்லப்பட்டனர். யுனெஸ்கோவின் அன்றைய பணிப்பாளர் நாயகம் அதைக் கண்டித்தார். அந்த வானொலி எங்கள் வலியைப் பேசிய வானொலி அல்ல. ஆயினும் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்திருந்தவரைக் கொல்வது அவர் சொன்னதற்கு மறுமொழி ஆகாது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. நிறுவனங்களும் உதவி அமைப்புகளும் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டன. 2009 பெப்ரவரி 10ஆம் திகதி முதல், தன் ஒலிபரப்பில் வேண்டுமென்றே குறுக்கீடு செய்யப்படுகிறது என்று கூறி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குச் செய்தி வழங்குவதை பீபீசி நிறுத்திக்கொண்டது. இலட்சக்கணக்கான மக்கள் முல்லைத்தீவுக் கரையை நோக்கித் தள்ளப்பட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தெற்கின் வார இறுதி நிகழ்ச்சிகள் அப்போதும் இருந்தன. போர் வெற்றி பேசப்பட்டது, பாடல் போனது, சமையல் குறிப்புச் சொல்லப்பட்டது. பேசப்பட்டவர்களால் அழைப்பு எடுக்க முடியவில்லை. மே மாதத்தில் போர் முடிய, ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வவுனியா செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் கம்பி வேலிக்குள் இருந்தார்கள்.

புத்தளத்தில் தேநீர்க் கடைகளில் அன்று இரண்டு விதமான பேச்சுக்கள் இருந்தன. சிலர் அழுதார்கள்; நாங்கள் நடந்த அதே பாதைகளில் அவர்கள் நடப்பதைக் கண்டார்கள். சிலர், “எங்களை அனுப்பும்போது பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்” என்றார்கள். இரண்டாவது பேச்சை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். பத்தொன்பது வருடம் கிடுகின் கீழ் இருந்தவரின் வாயிலிருந்து வந்த சொல் அது. அநீதிக்குள்ளானவரின் முறைப்பாட்டுக்கு உரிமை உண்டென்று மேலே சொன்னேன்.

ஆனால் அந்த உரிமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஹிந்த் அவர்கள் அபூ சுப்யானைப் பற்றி முறையிட்டார். அவரது குலம் முழுவதையும் பற்றி முறையிடவில்லை. முறைப்பாடு அநியாயம் செய்தவரைக் காட்ட வேண்டும். அவரைச் சூழ வாழ்ந்த எல்லோரையும் வளைத்துப் பிடிக்கக் கூடாது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில், துப்பாக்கிக்குப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் வீட்டுச் சாவியை வாங்கிப் பத்திரப்படுத்தியவர்கள் இருந்தார்கள். வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். இவர்கள் எல்லோரும் “தமிழர்கள்” என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குவார்கள். அந்தச் சொல்லை வைத்துத் தீர்ப்பளிக்கும்போது முறைப்பாட்டாளன் தன் உரிமையைக் கடந்து, தான் எந்த அநீதிக்குள்ளானானோ அதே அநீதியைச் செய்கிறான். எங்களை வெளியேற்றிய தர்க்கமும் இதுவேதான்: சிலர் செய்ததாகச் சொல்லப்பட்டதற்கு ஒரு சமூகம் முழுவதும் பதில் சொல்ல வேண்டும் என்ற தர்க்கம்.

இத்தகைய பேச்சு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு உலகம் கண்ட கொடிய உதாரணம் ருவாண்டா. 1993 ஜூலையில் அங்கே தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, அரச வானொலியைப் போல வரண்டு பேசவில்லை. நல்ல இசை, பகிடி, தெருப் பேச்சு, நேயர்களோடு சல்லாபம். ஜனங்கள் அதன் கலகலப்புக்காகவே கேட்டார்கள். அந்தக் கலகலப்பின் நடுவே துட்சிகளைப் பற்றிய பேச்சு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்ந்தது. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியபோது அதே வானொலி ஆட்களின் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் சொன்னது. 2003இல் சர்வதேச நீதிமன்றம் அதன் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. நம் வார இறுதி நிகழ்ச்சிகள் அப்படிப்பட்டவை என்று நான் சொல்ல வரவில்லை. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் சொல்லப்படும் பகிடிகூட, நாளடைவில் தீர்ப்பாக இறுகிவிடும் என்பதை மட்டுமே சொல்கிறேன்.

*

போர் முடிந்த பின் எங்களில் ஒரு பகுதியினர் திரும்பினோம். 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு, ஐந்து குடும்பங்களாக வந்தார்கள். பழைய காணி போதவில்லை. 2012, 2013ஆம் ஆண்டுகளில் முள்ளியவளைப் பகுதியில் காட்டுக்காணியைத் துப்புரவாக்கி முஸ்லிம்களைக் குடியேற்றும் முயற்சி நடந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. போரில் எல்லாம் இழந்து நின்ற தமிழ்க் குடும்பங்கள், காணியில்லாத எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டன. நியாயமான கேள்வி. எங்களை அனுப்பியபோது பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எங்கே போவது என்று முஸ்லிம்கள் கேட்டார்கள். அதுவும் நியாயமான கேள்வி. இரண்டு நியாயங்கள் ஒரே காணித்துண்டில் நின்றன. வானொலியில் அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஒரு வாரம் ஒரு தரப்பு வந்து “வெளியாட்கள்” என்றது. மறுவாரம் மறுதரப்பு வந்து “இனவாதிகள்” என்றது. தண்ணீரூற்றில் பிறந்தவன் எப்படி வெளியாள் ஆவான் என்று கேட்க முதலாம் வாரத்தில் ஆளில்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து உடுத்த துணியோடு வந்தவள் எப்படி இனவாதி ஆவாள் என்று கேட்க இரண்டாம் வாரத்தில் ஆளில்லை. எண்ணிப் பார்த்தால் இரு தரப்புக்கும் நேரம் சமமாகக் கொடுக்கப்பட்டது. நீதி அந்தச் சமநேரத்தில் கிடைத்துவிடவில்லை.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. கொரோனாக் காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அது பற்றிய பேச்சுகளில் மருத்துவர் இருந்தார், அரசியல்வாதி இருந்தார். இருபது நாள் பிள்ளையைத் தகனத்துக்குக் கொடுத்த தகப்பன் இருக்கவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்கள் நடந்த பேரணி, காணாமற்போனோருக்கும் காணிகளுக்குமான கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்புக்கு எதிரான கோரிக்கையையும் சுமந்து வன்னி வழியாகப் போனது. முஸ்லிம்களும் கூட நடந்தார்கள். அந்த மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. பேரணிதான் அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் இல்லாதவரின் முறைப்பாட்டை அவருக்குப் பதிலாகத் தீர்த்துவைக்காமல், அவருக்காகச் சுமந்து செல்லலாம் என்று அந்த ஐந்து நாட்களில் கண்டோம்.

இல்லாதவர்களிலேயே கடைசி இல்லாதவர் காணாமற்போனவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்றும் மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்றும் கூறினார். அதன் பின் நட்டஈடு எவ்வளவு, சான்றிதழை வாங்கலாமா என்பது பேசுபொருளாயிற்று. நமது பிக்ஹு நூல்களில் மப்கூத் என்றொரு பாடம் இருக்கிறது. சென்ற இடம் தெரியாதவரைப் பற்றியது. உயிரோடு இருந்தது உறுதி, இறந்தது உறுதியில்லை. ஆகவே ஆதாரமோ காழியின் முறையான தீர்ப்போ வரும் வரை அவர் உயிரோடிருப்பவராகவே கொள்ளப்படுவார். அவருடைய சொத்துப் பங்கிடப்படாது. அந்தத் தாய்மார் இந்நூல்களைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கேட்பது அதையேதான்: விசாரணையின்றி என் பிள்ளையின் பங்கைப் பிரிக்காதே. “இறந்திருப்பார்கள்தானே” என்று கலையகத்தில் ஒருவர் சாதாரணமாகச் சொல்வது, பதில் சொல்ல என்றுமே வர முடியாத ஒருவர் மீது வழங்கப்படும் தீர்ப்பாகும்.

*

இப்படியெல்லாம் பார்த்தால் ஒரு நிகழ்ச்சியும் நடத்த முடியாதே என்று ஒலிபரப்பாளர் நண்பர்கள் கேட்கலாம். நேரம் குறைவு, விளம்பரம் உண்டு, அழைத்தவர்கள் எல்லோரும் வருவதில்லை. உண்மைதான். நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. இன்றைய பேச்சில் யார் இல்லை என்பதைத் தொடக்கத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். அவர் ஏன் இல்லை என்பதையும் சொல்லலாம். அழைக்கவில்லையா, அழைத்தும் வரவில்லையா, வர முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கிறாரா என்பவை மூன்று வேறு விடயங்கள். முறைப்பாடு சொல்ல வந்தவரை முதலில் பேச விடலாம். அவர் ஆட்களைச் சொல்லும் வரை கேட்டுக்கொண்டிருந்து, ஒரு சமூகத்தையே சொல்லத் தொடங்கும்போது நிறுத்திக் கேள்வி கேட்கலாம். அடுத்த வாரம் மறுதரப்பைத் தனியே அழைப்பதை விட, இருவரையும் ஒரே இணைப்பில் வைத்து ஐந்து நிமிடம் பேச விடுவது நல்லது. அதைவிட, நிகழ்ச்சியின் கடைசியில் முடிவுரை சொல்லும் ஆசையை அடக்கிக்கொள்ளலாம். வழக்கு முடிந்துவிட்டது என்ற தொனியில்தான் நம் நிகழ்ச்சிகள் முடிகின்றன. கேட்பவருக்கும் அது வசதி. பிரச்சினையைத் தீர்த்துவிட்ட திருப்தியோடு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம்.

ஒலிவாங்கி ஓர் அமானிதம். அமானிதம் என்பது இன்னொருவருக்கு உரியதை அவர் வரும் வரை வைத்திருப்பது. பேசக் கிடைத்தவர் தனக்குரிய நேரத்தை மட்டும் அங்கே செலவிடவில்லை. வர முடியாதவரின் நேரத்தையும் சேர்த்தே செலவிடுகிறார். அதைக் கொஞ்சமாவது மிச்சம் வைத்துவிட்டு எழும்ப வேண்டும். கேட்கிற நமக்கும் கடமை உண்டு. சைக்கிள் பெடலைச் சுற்றிக் கேட்ட தலைமுறைக்கு ஒரு குரல் எவ்வளவு உழைப்பில் வருகிறது என்பது தெரிந்திருந்தது. இன்று குரல் இலவசமாக வருகிறது. இன்னும் வந்து சேராத குரல் எது, அதை யார் சுற்றுவது என்று கேட்கும் உழைப்பு மட்டும் நமக்கு மீதியிருக்கிறது.